அயர்ன்மேன் போகும் சாமானியர்கள்: எதை வியக்கிறோம், எதைக் கவனிக்காமல் விடுகிறோம்

நீண்ட தூர டிரையத்லான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அயர்ன்மேன்தான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது ஒரு முழு மராத்தான். மூன்றும் ஒரே நாளில், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. மொத்தம் 226 கிலோமீட்டர். இதில் பாதித் தூரப் போட்டியும் உண்டு, அது 113 கிலோமீட்டர். உலகின் முன்னணி வீரர்கள் முழுத் தூரத்தையே 8 மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் பேச நினைப்பது, அவர்கள் குளித்துச் சாப்பிட்டு அறைக்குத் திரும்பிய பிறகும் இருட்டில் ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. பகலில் வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பயிற்சி எடுத்து வரும் அமெச்சூர்கள். எந்த அயர்ன்மேன் போட்டியை எடுத்துக்கொண்டாலும் களத்தில் நிற்பவர்களில் மிகப் பெரும்பான்மை இவர்கள்தான்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "என்ன வெறி, என்ன மன உறுதி" என்றுதான் ஆரம்பிக்கும். வெறி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மனிதர்களைக் கவனிக்கக் கவனிக்க எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய நிதானம். வேகமாகப் போக முடிகிற நாளில் மெதுவாகப் போவது, பசிக்காத நேரத்தில் சாப்பிடுவது, முழங்காலில் சின்னதாக ஒரு வலி தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு வீடு திரும்புவது. பார்ப்பதற்கு இதெல்லாம் வீரமாகவே தெரியாது. ஆனால் இவை இல்லாமல் யாரும் அந்த 226 கிலோமீட்டரைக் கடப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான அயர்ன்மேன் போட்டிகளில் மொத்தக் கெடு 17 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டி தொடங்கிய நேரத்திலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மிச்ச நேரம் ஓட்டத்துக்கு. இடத்துக்கு இடம் சில நிமிடங்கள் முன்பின்னாக மாறும். இதை வகுத்துப் பாருங்கள்: நீச்சலில் 100 மீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 40 விநாடி, சைக்கிளில் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர், ஓட்டத்தில் மணிக்கு ஆறரை கிலோமீட்டர். தனித்தனியாக எடுத்தால் இதில் எதுவும் அசுர வேகம் இல்லை. ஓரளவு நீந்தத் தெரிந்தவர் பயிற்சி எடுத்தால் அந்த நீச்சல் வந்துவிடும். மணிக்கு ஆறரை கிலோமீட்டர் என்பது வேக நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வேகம். சிரமம் முழுக்க இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுவதில் இருக்கிறது. ஏற்கெனவே பத்து மணி நேரம் உழைத்துவிட்ட உடம்பைத்தான் மராத்தான் தொடக்கக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேகமானவருக்கு எட்டு மணி நேர வேலை, மெதுவானவருக்கு அதே வேலை பதினாறு, பதினேழு மணி நேரம். அந்த இரு மடங்கு நேரமும் அவர் வெயிலில் இருக்கிறார், காலில் நிற்கிறார், சாப்பிட்டதைச் செரிக்கப் பாடுபடுகிறார், பாதத்தில் கொப்புளம் வளர்ந்துகொண்டே போகிறது. சூரியன் மறைந்த பிறகு ஈர உடையோடு குளிரையும் தாங்க வேண்டும். கடைசியில் வருகிறவர் சுலபமான வழியில் வருகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இந்தப் போட்டியைத் தொடங்கியவர்களே அமெச்சூர்கள்தான். டிரையத்லான் என்ற விளையாட்டு இன்றைய வடிவத்தில் 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், மிஷன் பே என்ற இடத்தில் ஆரம்பமானது. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் ஜான் காலின்ஸ், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. பின்னாளில் ஹவாயில் அவரும் மனைவி ஜூடி காலின்ஸும் இருந்தபோது, 1977இல் ஒரு தொடர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பில் ஒரு வாக்குவாதம்: நீச்சல்காரரா, ஓட்டக்காரரா, யாருக்கு உடல் தகுதி அதிகம்? சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸுக்குத்தான் ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் எல்லாரையும்விட அதிகமாம் என்று காலின்ஸ் இடையில் புகுந்தார். சரி, பேசித் தீராததைச் செய்தே பார்த்துவிடலாம் என்று, ஒவாஹு தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று போட்டிகளை ஒன்றாகக் கோத்தார்கள்: வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மராத்தான். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் உதவிக் குழுவிடம் வழியில் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. போட்டியாளர்களிடம் தரப்பட்ட தாளில், நீந்து, சைக்கிள் ஓட்டு, ஓடு, அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பெருமையடித்துக்கொள் என்ற பொருளில் எழுதியிருந்தது. பரிசுப் பணம் எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டே லின் லெமெய்ர் என்ற பெண் கலந்துகொண்டு முடித்தார், இந்தத் தூரத்தை முடித்த முதல் பெண் அவர்தான்.

இன்றைக்கு ஓர் அமெச்சூர் இதற்குத் தயாராகும் விதத்துக்கு வருவோம். முழுத் தூரத்துக்கு வாரம் பத்து முதல் பதினைந்து மணி நேரப் பயிற்சி என்பது சாதாரணம், உச்ச வாரங்களில் அதையும் தாண்டும். வாரம் 12 மணி நேரம் என்று 30 வாரத்துக்குப் போட்டாலே 360 மணி நேரம். போட்டியில் செலவாகும் நேரம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நாம் கைதட்டுவது அந்தச் சின்னப் பங்குக்கு மட்டும்தான். அந்த 360 மணி நேரத்தையும் யாரும் பார்ப்பதில்லை, அதுவும் பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் வார இறுதியிலும் கழிகிறது.

அந்த நேரத்தில் பெரும்பகுதி மெதுவான பயிற்சி. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கடினம், மூச்சு வாங்காவிட்டால் பயிற்சியே செய்யவில்லை என்ற எண்ணம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் மெதுவாக, நீண்ட நேரம், மாதக்கணக்கில் செய்யும்போதுதான் தசைகளில் நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகுகின்றன, செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகின்றன, உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கப் பழகுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். தசைநார்களும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறாது. ஆக, மூச்சு இன்னும் ஓடலாம் என்று சொல்லும், குதிகால் நார் தாங்காது. பயிற்சியில் வரும் காயங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. இன்னும் கொஞ்சம் ஓட முடியும் என்று தெரிந்தும் ஓடாமல் வருகிறாரே, அந்த ஆளைத்தான் நான் மெச்சுவேன்.

வளர்ந்த பிறகு நீச்சலுக்கு வந்தவர்களின் கதை தனி. ஓட்டத்திலும் சைக்கிளிலும் அடம்பிடித்தால் ஓரளவு முன்னேறலாம், தண்ணீரில் அடம் செல்லாது. பலத்தைக் கூட்டக் கூட்ட இடுப்பு கீழே போகும், காலை வேகமாக உதைத்தால் மூச்சு முட்டும். நல்ல உடல் தகுதியுள்ள ஒருவர் 50 மீட்டருக்குள் திணறி ஓரத்தைப் பிடிப்பதும், வயதில் பெரிய ஒருவர் பக்கத்துத் தடத்தில் சத்தமே இல்லாமல் போய்வந்துகொண்டிருப்பதும் எந்த நீச்சல்குளத்திலும் காணக்கூடிய காட்சி. மூச்சைத் தண்ணீருக்குள் முழுதாக வெளியே விடக் கற்றுக்கொள்ளவே சிலருக்கு மாதங்கள் ஆகும். அதன் பிறகு திறந்த நீர். அங்கே அடியில் கோடு இல்லை, பிடித்துக்கொள்ள ஓரம் இல்லை, சில கை வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்து நேர்செய்துகொள்ள வேண்டும், கூட்டத்தில் யாருடைய காலாவது முகத்தில் படும். டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போது நேர்கின்றன என்பதால் பதற்றத்தை அடக்கப் பழகுவது உயிர் சம்பந்தப்பட்ட பயிற்சி. நீச்சலை முதலில் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம், களைத்துப்போன ஆளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

பிரிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடுவது. இதைச் செய்து பார்க்காதவருக்குப் புரியவைப்பது கடினம். மூன்று மணி நேரம் குனிந்தபடி மிதித்த கால்கள், தரையில் வைத்ததும் தன்னுடையவை போலவே இருக்காது. தொடை கனக்கும், இடுப்பு நிமிராது, அடி எங்கே விழுகிறது என்றே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், மெதுவாக ஓடுவதாகத்தான் தோன்றும், கைக்கடிகாரத்தைப் பார்த்தால் திட்டமிட்டதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வேகமாகச் சுழற்றிய தாளம் காலிலேயே இருந்துவிடுகிறது. அந்த முதல் சில கிலோமீட்டரில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பவர்தான் 30ஆவது கிலோமீட்டரிலும் ஓடிக்கொண்டிருப்பார். பழகப் பழகக் கால்கள் சீக்கிரம் நிதானத்துக்கு வரும், அதற்காகத்தான் வாரா வாரம் இதைச் செய்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதை இந்த விளையாட்டின் நான்காவது பிரிவு என்றே பலரும் சொல்வார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. மொத்தமாக 400 முதல் 500 கிராம், சுமார் 2,000 கலோரி. முழுத் தூரப் போட்டிக்கு ஆகும் சக்தி இதைப் போலப் பல மடங்கு. கொழுப்பு எவ்வளவு ஒல்லியானவரிடமும் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அது பெரிய விறகு, பிடித்து எரிய நேரமாகும். கிளைக்கோஜன்தான் சுள்ளி. சுள்ளி தீர்ந்தால் விறகு கிடந்தும் பயனில்லை, ஆள் அப்படியே நின்றுபோவார். அதனால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தை ஜெல்லாகவோ பானமாகவோ உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒரு நுணுக்கம்: குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வெவ்வேறு வழியாக உள்ளே போகின்றன, இரண்டையும் கலந்து கொடுத்தால்தான் அந்த மேல் அளவு செரிமானமாகும்.

இதை எழுதுவது சுலபம். உழைக்கும்போது ரத்தம் வயிற்றைவிட்டுத் தசைக்குப் போய்விடுவதால் குடலுக்கு வேலை செய்யவே மனமில்லை. ஐந்தாவது மணி நேரத்தில் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அந்த நிலையிலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் ஒலித்ததும் அரை ஜெல்லை வாயில் பிழிந்து, தண்ணீர் ஊற்றி விழுங்குகிறார்கள். ஓட்டத்தில் வயிறு குலுங்கும் என்பதால் முடிந்த அளவு சைக்கிளிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். குடலையும் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள், வார இறுதி நீண்ட சைக்கிள் பயிற்சியில் போட்டியன்று சாப்பிடப்போவதை அதே அளவில், அதே இடைவெளியில் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீரிலும் கணக்குதான். குறைந்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும் என்பது பலருக்குத் தெரியாது. மணிக்கணக்கில் களத்தில் இருக்கும் மெதுவானவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

இந்த இடத்தில் 1982ஐச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிப்ரவரியில் ஹவாயில் நடந்த போட்டியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முன்னிலையில் வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டை நெருங்கும்போது கால்கள் அவருக்குக் கட்டுப்படவில்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி சில மீட்டர் இருக்கையில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் வென்றார். மாஸ் தவழ்ந்து வந்து கோட்டைக் கையால் தொட்டார், 29 விநாடி வித்தியாசம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எத்தனையோ பேர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள், அயர்ன்மேனை உலகம் அறிந்ததே அந்தக் காட்சியால்தான் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெண்ணின் மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் அன்றிலிருந்து நாம் அமெச்சூர்களை வியக்கும் விதமே அந்தத் தவழ்தலைச் சுற்றி அமைந்துவிட்டது. விழுந்து எழுவதுதான் சாதனையின் அடையாளம் என்றாகிவிட்டது. உடம்பு அந்த நிலைக்குப் போகிறதென்றால் எரிபொருளோ உப்போ வேகக் கணக்கோ எங்கோ தவறிவிட்டது என்று பொருள். இன்றைய அமெச்சூர் அரை ஆண்டுக்கு மேல் உழைப்பதே அந்த நிலை வராமல் இருக்கத்தான். சிரித்துக்கொண்டே, தன் காலில் நின்று, 15 மணி 40 நிமிடத்தில் முடிப்பவரின் படத்தை யாரும் பகிர்வதில்லை. எனக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

வயதானவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா 60 வயதுக்கு மேல் நீச்சலுக்கு வந்து, 70 வயதை ஒட்டித்தான் டிரையத்லானுக்கே வந்தவர். 2015இல் ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் போட்டியில் வெறும் சில விநாடிகளில் கெடுவைத் தவறவிட்டார். 2018இல், 85 வயதில், அதே கோனாவில் 17 மணி நேரத்துக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது முடித்தார். கன்னியாஸ்திரியான மடோனா பியூடர் 50 வயதை நெருங்கும்போது ஓட ஆரம்பித்து, 2012இல் 82 வயதில் அயர்ன்மேன் கனடாவை முடித்தார். வெறி மட்டும் இருந்திருந்தால் இவர்கள் எழுபதுகளிலேயே உடைந்துபோயிருப்பார்கள். தன் உடம்பு இன்றைக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொரு காலையும் சரியாகக் கணித்ததால்தான் எண்பதைத் தாண்டியும் களத்தில் நின்றார்கள். 2020 நவம்பரில் ஃப்ளோரிடாவில் 21 வயது கிறிஸ் நிக்கிக், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் முதல் ஆளாக அயர்ன்மேனை முடித்தார், 16 மணி 46 நிமிடம். வழியில் சைக்கிளிலிருந்து விழுந்தார், நின்ற இடத்தில் எறும்புகள் கடித்தன. அவர் கையாண்ட முறை ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட 1 சதவீதம் கூடுதலாக என்பது. தினம் ஒரு சதவீதம் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள எவ்வளவு பொறுமை வேண்டும்!

இந்த வியப்பில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. இது நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் விளையாட்டு. சைக்கிள், வெட்சூட் எனப்படும் நீச்சல் ரப்பர் உடை, நுழைவுக் கட்டணம், பயணம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் ஞாயிறு காலை ஐந்து மணி நேரம் சைக்கிளில் போகிறார் என்றால் அந்த ஐந்து மணி நேரமும் வீட்டில் யாரோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் பெயர் முடிவுப் பட்டியலில் வராது. பயிற்சிக்கு ஏற்றபடி சாப்பிடாமல் உடலைக் காயப்போடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எலும்பில் நுண்முறிவு வருகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது, தூக்கமும் மனநிலையும் கெடுகின்றன. இதைக் கடின உழைப்பு என்று பாராட்டினால் நாமும் அந்தக் கேட்டில் பங்காளிகள்தான். வீட்டோடு பேசி நேரத்தை ஒழுங்கு செய்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரப் பயிற்சித் தாளைச் சத்தமில்லாமல் மடித்து வைக்கிற அமெச்சூர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் மரியாதை முதலில் அவர்களுக்கு.

போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பு சேர்த்துவைத்த களைப்பை இறக்கிவைக்கும் காலம் அது. பலருக்கு இதுதான் மிகக் கொடுமையான கட்டம். திடீரென்று கையில் நேரம் இருக்கிறது, இல்லாத வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றுகிறது, இன்னும் ஒரு நீண்ட ஓட்டம் ஓடிவிடலாமா என்று மனம் அரிக்கும். ஓடாமல் இருப்பதும் பயிற்சிதான் என்று யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் நல்லது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படித் தயாராகிக்கொண்டிருந்தால், "எத்தனை மணி நேரத்தில் முடிப்பாய்?" என்று கேட்பதைவிட, இந்த வாரம் எதை விட்டுக்கொடுத்தாய், தூக்கம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். போட்டியைப் பார்க்கப் போவதாக இருந்தால் முடிவுக் கோட்டில் இடம் பிடிக்க வேண்டாம், அங்கே ஏற்கெனவே கூட்டமும் இசையும் இருக்கும். ஓட்டப் பாதையில் 28 அல்லது 30ஆவது கிலோமீட்டர் பக்கம், விளக்கு குறைவான ஓர் இடமாகப் பார்த்து நில்லுங்கள். எண் பட்டையில் பெயர் போட்டிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கிருந்து இன்னும் 12 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.